செம்பூரில் எனக்குக் காட்ட மறுத்த நான்காவது மாடி

மும்பைக்கு நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. சென்னையில் நாங்கள் இருப்பது அரசு கட்டிக்கொடுத்த பழைய நான்கு மாடிக் குடியிருப்பு. வெயில் தாக்காமல், கரன்ட் செலவு குறையும்படி அதைப் புதுப்பித்துத் தருவதாக ஒரு நிறுவனம் வந்தது. "செம்பூரில் இதே மாதிரிக் கட்டடத்தை முடித்திருக்கிறோம், போய்ப் பாருங்கள்" என்றார்கள். குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். அதனால் மே மாத வெயிலில் கிளம்பினேன்.

சென்னையிலிருந்து குர்லா டெர்மினஸ் சுமார் 1,280 கி.மீ. ஸ்லீப்பரில் 620 ரூபாய். ஒரு பகலும் ஓர் இரவும் போய்விடும். தங்கியது மாட்டுங்காவில், சித்தி மகள் வீட்டில். மறுநாள் காலை 10.20க்கு லோக்கல் ரயில் ஏறி, குர்லாவில் ஹார்பர் லைனுக்கு மாறினேன். டிக்கெட் பத்து ரூபாய், மொத்தம் நாற்பது நிமிடம். (மாட்டுங்காவில் ஆட்டோ தேடாதீர்கள். அங்கே டாக்சிதான்.) செம்பூர் ஸ்டேஷனிலிருந்து கட்டடத்துக்கு ஆட்டோ 26 ரூபாய்.

நிறுவனத்தின் சைட் இன்ஜினியர் வாசலில் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும், நம் ஊர்க்காரர்தான். கட்டடம் வெளியே பளபளவென்று இருந்தது. சுவர் முழுக்க வெயிலைத் தடுக்கும் வெள்ளைப் பலகை, புதுக் கண்ணாடி ஜன்னல்கள். இரண்டாவது மாடியில் ஒரு மாதிரி வீட்டுக்குக் கூட்டிப்போனார். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"பாருங்க மேடம், வெளிய என்ன ஹீட், இங்க எப்படி இருக்கு!"

"ஏசி போட்டா எங்க வீடும் இப்படித்தான் சார் இருக்கும். மேல் மாடியைக் காட்டுங்க."

"எல்லா ஃப்ளோரும் சேம்தான் மேடம். மேல இப்ப யாரும் இல்ல."

பேசிக்கொண்டே படிக்கு வந்திருந்தோம். நான்காவது மாடியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"யாரும் இல்லைன்னு யாரு சொன்னா? நான் இருக்கேன். ஏறி வாங்கம்மா!"

அவர் பெயர் முத்துலட்சுமி. பூர்வீகம் திருநெல்வேலி, வளர்ந்தது தாராவி. வீட்டிலேயே இட்லி அவித்து, சயான் ஆஸ்பத்திரிப் பக்கம் கொண்டுபோய் விற்கிறார். கதவுக்குள் கால் வைத்ததுமே அனல் முகத்தில் அடித்தது. அடுப்பு அணைந்து வெகு நேரமாகியிருந்தது. சமையலறைச் சுவரில் ஈரமும் கறுத்த பூஞ்சையும் படர்ந்திருந்தன.

"விடியக்காலம் நாலு மணிக்கு அடுப்பு பத்த வைக்கேன். ஆவி எங்கம்மா போவும்? முன்ன சுவத்துல இருந்த ஓட்டை வழியா போயிரும். குளுமையா இருக்கும்னு சொல்லி அதைப் பலகை வச்சு அடைச்சுட்டாவ. வெந்து கெடக்கோம்."

"நீங்க போய்ச் சொல்லலையா?"

"எத்தனை தடவ ஏறி எறங்குனேன்! ஏசி மாட்டிக்கோங்கன்னு சொல்லுதாவ. இட்லி விக்குதவ ஏசிக்கு எங்க போவா? சுத்தியல எடுத்து நானே ஒடச்சுட்டேன்."

பலகையில் கையகலத்துக்கு ஒரு ஓட்டை. அதற்காக நிறுவனம் அனுப்பிய நோட்டீஸையும் காட்டினார். பலகையைச் சேதப்படுத்திவிட்டாராம், அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டுமாம்.

மூவரும் மொட்டைமாடிக்குப் போனோம். வெயிலைத் தடுக்கும் வெள்ளை ஓடு படிக்கட்டுப் பக்கம் மட்டும்தான். எங்களுக்கு அனுப்பிய போட்டோவில் இருந்தது அந்த மூலைதான். முத்துலட்சுமி வீட்டுக்கு மேலே வெறும் சுண்ணாம்புப் பூச்சு. அதுவும் போன மழையில் பெயர்ந்திருந்தது.

"சார், கரன்டை மிச்சம் பண்ண வந்தீங்களா, ஏசி விக்க வந்தீங்களா?" என் குரல் தெருவரை கேட்டிருக்கும்.

இன்ஜினியர் தலை குனிந்தபடி சொன்னார்: "பிளான்ல எல்லாம் இருந்தது மேடம். காத்து போற வழி, மேல முழுக்க ஓடு, எல்லாம். செலவைக் குறைக்கச் சொன்னாங்க. நான் பேசினா என் வேலை போயிடும்."

ஆக, தெரியாமல் செய்யவில்லை. முதலில் கூரை, பிறகு ஜன்னலுக்கு நிழல், காற்றுக்கு வழி என்று அவர்கள் வரைபடத்திலேயே இருந்திருக்கிறது. கூரை தெருவிலிருந்து தெரியாது, அதனால் விட்டுவிட்டார்கள். தெரிகிற சுவருக்குப் பலகை ஒட்டினார்கள். ஏழைகள் வீடுதானே, யார் வந்து பார்க்கப் போகிறார்கள்!

என் மேலும் எனக்குக் கோபம் வந்தது. அந்தப் போட்டோவை நம்பி, சென்னையில் வீடு வீடாகப் போய் முப்பத்தொரு பேரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கியிருந்தவள் நான்.

அன்று மதியமே மேல் மாடியின் எட்டு வீட்டுக்காரர்களும் நானும் சேர்ந்து நிறுவனத்துக்கு ஒரு புகார் எழுதினோம். நோட்டீஸைத் திரும்பப் பெற்றுவிட்டதாக முத்துலட்சுமி போன வாரம் போனில் சொன்னார். மற்ற ஏழு வீடுகளில் அடைத்தது அடைத்தபடியே இருக்கிறது. சென்னையில் முப்பத்தொரு கதவையும் மறுபடி தட்டி, பார்த்ததைச் சொன்னேன். "நீ சொன்னேன்னுதானேம்மா போட்டேன்" என்றார் ஒருவர். கூரையும் காற்று வழியும் ஒப்பந்தத்தில் இல்லாமல் வேலை கிடையாது என்று நிறுவனத்துக்கு எழுதிவிட்டோம். இதுவரை பதில் இல்லை.

உங்கள் குடியிருப்புக்கும் இப்படி யாராவது வந்தால், அவர்கள் முடித்த கட்டடத்தை நேரில் போய்ப் பாருங்கள். ஏப்ரல், மே மாதத்தில், மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். ஏசியை அணைக்கச் சொல்லுங்கள். சமையலறையில் புகை போக வழி இருக்கிறதா, மொட்டைமாடி முழுக்க ஓடு இருக்கிறதா என்று பாருங்கள். எந்த வீட்டில் ஆள் இல்லை என்கிறார்களோ, அந்தக் கதவைத் தட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.