மூக்கர் சொன்ன ‘சரி’

பெயர்தான் மூக்கர். மூக்கு என்னவோ சப்பை. பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, இந்த ஆளுக்குப் போய் யார் இப்படிப் பெயர் வைத்தது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்கள். சிரிக்கட்டும், எவ்வளவு நேரத்துக்கு? வண்டியிலிருந்து பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கீழே வைத்ததும் மூக்கர் குனிந்து அதன் வாயருகே லேசாக ஒரு மூச்சு இழுப்பார். “பழைய பெட்ரோல். மழைக்காலம் பூரா வண்டி சும்மாவே நின்னுதா?” என்பார். வண்டிக்காரருக்கு வாயடைத்துப் போகும்.

பட்டறையில் ஆட்கள் இரண்டே பேர். கழுவுவது மூக்கர். ஓட்டையை அடைப்பது அவருடைய தங்கை புருஷன், வெல்டர். ஊரே அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும், மூக்கர் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒட்டிக்கொண்ட பெயர். தெருவைப் பார்த்த தகரக் கொட்டகை மாப்பிள்ளைக்கு. அதற்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், மேலே கூரையில்லாத முற்றம் மூக்கருக்கு. முற்றத்தில் நெருப்பு என்ற பேச்சே கிடையாது. வெந்நீர்கூடச் சுவருக்கு இந்தப் பக்கம் காய்ந்து குழாய் வழியாகத்தான் அங்கே போகும். சட்டைப் பையில் தீப்பெட்டியோடு ஒருவர் உள்ளே கால் வைத்துவிட்டால், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் மூக்கர் வாயில் அன்றைக்கு விழுந்து எழுந்திருப்பார்.

காரணம் இருக்கிறது. பெட்ரோல் ததும்பும் டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆளைக் கொல்லும். இதைச் சொன்னால் நம்பாத ஜென்மங்கள் இன்னும் இருக்கின்றன. பெட்ரோலைக் கொட்டிவிட்டால் ஆபத்தையும் கொட்டிவிட்டதாக அவர்களுக்கு நினைப்பு. உள்ளே ஆவி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் அகப்படாது, ஒரு பொறிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். மூக்கர் இளவயதில் வேலை பார்த்த பட்டறையில் அப்படித்தான் ஒரு காலி டேங்கில் நெருப்பை வைத்தார்கள். கூரைத் தகடு தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் விழுந்தது. நெருப்பு வைத்த வெல்டர் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

அதனால்தான் தங்கைக்கு ஒரு வெல்டர் வரன் வந்தபோது மூக்கர் முதலில் தலையாட்டவில்லை. பையன் தங்கமானவன், தங்கைக்கும் பிடித்துவிட்டது. வேறு வழியில்லாமல் சம்மதித்தார். கல்யாணம் முடிந்த கையோடு இரண்டு பேரும் சேர்ந்து சொந்தமாகப் பட்டறை போட்டார்கள். தங்கையிடம், “நான் மோந்து பாத்து சரின்னு சொல்லாம உன் புருஷன் நெருப்பைத் தொட மாட்டாரு. போதுமா?” என்றார். அன்றிலிருந்து அதுதான் பட்டறையின் சட்டம். மூக்கர் கழுவுவார், வெயிலில் வைப்பார், டேங்க் சூடேறியதும் குனிந்து மோந்து பார்ப்பார். வாடை துளி இருந்தாலும் மறுபடி கழுவல்தான். ‘சரி’ என்று அவர் வாயிலிருந்து வந்தால்தான் சுவருக்கு இந்தப் பக்கம் நெருப்பு எரியும்.

போன குளிர்காலத்தில் மூக்கருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வந்த மாதிரியே போயும் விட்டது. ஒரு நாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, “பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு மனைவி துணி காயப்போட மாடிக்குப் போனாள். திரும்பி வந்தால் வீடு முழுக்கக் கருகல் வாடை. பால் தீய்ந்து பாத்திரம் கரியாகியிருந்தது. மூக்கர் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாவகாசமாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

அவள் அடுப்பை அணைத்தாள். திட்ட வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

“உங்களுக்கு வாடையே வரலையா?”

மூக்கர் செய்தித்தாளை மடித்து வைத்தார். எழுந்து போய்ச் சோப்பை எடுத்து மோந்தார். வெங்காயத்தை நறுக்கி மோந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, வாடை வரவில்லை.

டாக்டர், காய்ச்சலுக்கு அப்புறம் சிலருக்கு இப்படி ஆவதுண்டு, திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம், தெரிந்ததைத்தானே சொல்ல முடியும். வீட்டுக்கு வரும் வழியிலேயே மூக்கர் மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், வெளியே மூச்சு விடக்கூடாது என்று.

“மாப்பிள்ளைகிட்டயாவது சொல்லுங்க” என்றாள் அவள்.

“வந்துடும்னு டாக்டரே சொல்றாரு. அதுக்குள்ள ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கணுமா?”

“வரலாம்னு சொன்னாரு. வந்துடும்னு சொல்லல. அவரு மூஞ்சி அந்த டேங்க் மேலதாங்க இருக்கு. உங்க மூஞ்சி இல்ல.”

அது சுருக்கென்று தைத்தது. தைத்தும் என்ன, மனிதர் கேட்டாரா? மூக்கு போன மூக்கருக்கு அந்தப் பட்டறையில் என்ன வேலை என்ற பயம் அவரை வாயைத் திறக்க விடவில்லை. பாவம், ஐம்பத்தைந்து வயதில் ஒரு மனிதர் தன்னை வெறும் டேங்க் கழுவுகிற ஆளாக நினைத்துப் பார்ப்பது அவ்வளவு லேசான காரியமில்லை. ஆனாலும் அது தப்புதான். அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை.

தப்பு என்று அவருக்கும் தெரியும். அதனால் கழுவலைக் கூட்டினார். முன்பு போதும் என்று விட்ட இடத்தில் இன்னும் ஒரு முறை, அதற்கு மேலும் ஒரு முறை என்று வெந்நீரும் சோப்புமாக அலசித் தள்ளினார். பிறகு எப்போதும்போலக் குனிந்து மோப்பம் பிடிப்பதாகப் பாவனை செய்வார். ‘சரி’ என்பார். மாப்பிள்ளை நெருப்பைப் பற்றவைக்கும்போது போய் டேங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு கூடவே நிற்பார். வெடித்தால் எனக்கும் சேர்த்து வெடிக்கட்டும். இதுதான் அவர் மனதுக்குள் போட்ட கணக்கு. அப்படி நிற்கும்போது கொஞ்சம் மனச்சாட்சி அடங்கினாற்போல இருந்தது.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ரொட்டிக்கடை அம்மாவின் வேன் வந்தது. வந்தது என்றால் தானாக வரவில்லை, நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

“போற வழியெல்லாம் விக்கி விக்கி நிக்குதுண்ணே” என்றார் அந்த அம்மா. “எங்க ஓட்டுநர் இருக்காரே மகராசன், டேங்க் மூடியை எங்கேயோ தொலைச்சுட்டு ஒரு துணியைச் சொருகி வச்சிருக்காரு. மழைத் தண்ணியெல்லாம் உள்ளதான். ரொட்டி வேகுறதுக்குள்ள வண்டி வந்தாகணும், பாத்துக்குங்க.”

“ரொட்டியைக் கொஞ்சம் மெதுவா வேக வைங்கம்மா” என்றார் மூக்கர்.

டேங்கை இறக்கி, உள்ளிருந்ததை மூடி போட்ட கேனில் வடித்தார். பெட்ரோலும் தண்ணீரும் துருவுமாகக் காப்பி நிறத்தில் வந்தது. அடிப்பக்கத்து மூலையில் துரு அரித்து ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. பெட்ரோல் அளவு காட்டும் மிதவையைக் கழற்றிவிட்டு வெந்நீர் விட்டு அலசினார். இரும்புச் சங்கிலி ஒன்றைத் தண்ணீரோடு உள்ளே போட்டுக் குலுக்கினார், துரு செதில் செதிலாக வந்து விழுந்தது. மறுபடி சோப்பு, மறுபடி வெந்நீர். தண்ணீர் தெளிந்து வந்ததும் வெயிலில் வைத்தார்.

அந்த டேங்கில் ஒரு சிக்கல் இருந்தது. வண்டி திரும்பும்போது பெட்ரோல் அலையடிக்காமல் இருக்க உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்திருப்பார்கள். கெட்டுப்போன பெட்ரோல் அந்தத் தகடுகளின் இடுக்கில் பிசின்போல் அப்பிக்கொள்ளும். வெந்நீர் மேலாக வழுக்கிக்கொண்டு போய்விடும். டேங்க் வெயிலில் சூடாகச் சூடாகப் பிசின் இளகி, கழுவி முடித்ததற்கு அப்புறம் ஆவி புதிதாகக் கிளம்பும். மூக்கரின் மூக்கு இதற்குத்தான் பேர்போனது. கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

டேங்க் சூடேறியது. மூக்கர் குனிந்தார், வெறும் சூட்டுக் காற்றுதான் முகத்தில் பட்டது.

“என்ன மச்சான்?” என்று கேட்டார் மாப்பிள்ளை.

“சரி.”

டேங்கைக் கொட்டகைக்குத் தூக்கிப்போய், ஓட்டை மேலே வருகிற மாதிரி மரக்கட்டைகளின் மேல் சாய்த்து வைத்தார்கள். ஓட்டைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பினார்கள். ஆவி நிற்க இடம் குறையட்டும் என்று எப்போதும் செய்வதுதான். மாப்பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டையின் மேல் குனிந்தார். மூக்கர் வந்து டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஒரு கையை மற்றொரு கையால் அழுத்திக்கொண்டார்.

மாப்பிள்ளை லைட்டரைக் கையில் எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு மேல் தள்ளினார்.

“மச்சான், முன்னெல்லாம் சரின்னு சொல்லிட்டு நீங்க பாட்டுக்கு டீக்கடைக்குப் போயிடுவீங்க. நான் வேலை முடிச்சு வந்து கூப்பிடணும். இப்ப கொஞ்ச நாளா ஏன் இங்கேயே நிக்கிறீங்க?”

மூக்கர் டேங்கிலிருந்து கையை எடுக்காமல் தெருப்பக்கம் பார்த்தார்.

“உங்களைத்தான் கேக்கறேன். டேங்க் சுத்தமா இல்லையா?”

“தெரியல மாப்ள” என்றார் மூக்கர். “எனக்கு மூக்கு போயிடுச்சு. காய்ச்சலோட போயிடுச்சு.”

மாப்பிள்ளை லைட்டரைக் கீழே வைத்தார். காஸ் சிலிண்டரின் குமிழை இறுக்கினார். தெருவில் இறங்கி நடந்தார். பின்தெருவில் எரிபொருள் கிடங்கு இருக்கிறது. அங்கே டேங்குகளுக்குள் ஆவி இருக்கிறதா என்று பார்க்க ஒரு மீட்டர் வைத்திருப்பார்கள். நமக்கும் ஒன்று வாங்கலாம் என்று மாப்பிள்ளை ஒரு தடவை கேட்டதற்கு, “ஏன், நான் செத்தா போயிட்டேன்?” என்று எகிறியவர் இதே மூக்கர்தான்.

மாப்பிள்ளை மீட்டரை வாங்கிக்கொண்டு வந்தார். அதன் குழாயைத் தண்ணீருக்கு மேலே இருந்த சின்ன இடைவெளியில் விட்டார். மீட்டர் கத்தியது. வெளியே எடுத்தால் நின்றது, உள்ளே விட்டால் மறுபடி கத்தியது. தகட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஏறாத ஒரு மூலையில் ஆவி அடைந்து கிடந்திருக்கிறது. மாப்பிள்ளையின் முகம் எங்கே இருந்ததோ, அதற்கு நேர் கீழே.

“எத்தனை டேங்க்?” என்றார் மாப்பிள்ளை. “இந்த மாதிரி எத்தனை டேங்குக்கு நீ சரின்னு சொன்ன?”

கல்யாணமான நாளிலிருந்து அவர் மூக்கரை ‘நீ’ என்று சொன்னதில்லை. மாப்பிள்ளை கையுறைகளைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மூக்கர் ரொட்டிக்கடை அம்மாவிடம் தானே போய், “இன்னிக்கு ஆகாதும்மா, தப்பு என் மேலதான்” என்று சொல்லி, வாங்க வேண்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டார். பிறகு பிசின் கரையட்டும் என்று டேங்க் நிறையக் காரச்சோடா கலந்த வெந்நீரை ஊற்றி ஊற வைத்தார். சாயங்காலம் வீட்டு வாசலில் தங்கை நின்றாள். அவர் மனைவி அவளை உள்ளே கூப்பிட்டும் அவள் வரவில்லை.

“அவரு எல்லாத்தையும் சொன்னாருண்ணா.”

“என்னை எவ்வளவு வேணா திட்டும்மா. ஆனா அவரை மட்டும் தனியா விடல. கூடவே நின்னேன். ஒண்ணுன்னா எனக்கும் சேத்துத்தான்னு...”

“அதான் கேக்க வந்தேன்” என்றாள் தங்கை. அவள் குரல் உயரவே இல்லை. “கூட நின்னா நியாயமாப் போச்சா? அவருக்கு ஒண்ணு ஆனா நான் யாருகிட்டண்ணா ஓடி வருவேன்? உன்கிட்டதானே. நீயும் அங்கேயே கிடந்தா நான் எங்க போவேன்?”

மூக்கர் இத்தனை நாள் இதை நினைத்துப் பார்த்ததே இல்லை. தன் உயிரையும் கூடவே வைத்துவிட்டால் தப்பு சரியாகிவிடும் என்று நினைத்திருந்தார். வாசற்படியில் உட்கார்ந்து, தங்கை எதிரில், வளர்ந்த மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். அவளும் அவரைத் தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வருவாரா என்பதே மூக்கருக்குத் தெரியாது. வந்தார். கையில் மீட்டர் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து டேங்கைக் கவிழ்த்தார்கள். பிசின் கரைந்து கருப்பாக வந்தது. சங்கிலியைப் போட்டுக் குலுக்கி, அலசி, வெயிலில் வைத்துச் சூடேற்றினார்கள். மாப்பிள்ளை குழாயை ஒவ்வொரு மூலையாக விட்டுப் பார்த்தார். மீட்டர் சத்தம் போடவில்லை. மூக்கரிடம் காட்டாமல் அவரே பார்த்துக்கொண்டது மூக்கருக்கு வலித்தது. வலிக்காமல் என்ன செய்யும்?

கொட்டகையில் சாய்த்து வைத்துத் தண்ணீர் நிரப்பிய பிறகு மாப்பிள்ளை மறுபடி ஒரு முறை பார்த்தார். அப்புறம் மீட்டரை அவரிடம் நீட்டினார்.

“நீங்களும் பாருங்க. இனிமே ரெண்டு பேரும் பாத்த பிறகுதான்.”

மூக்கர் தன் படிக்கிற கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். குழாயை உள்ளே விட்டு, எண் மாறுகிறதா என்று வெகுநேரம் பார்த்தார்.

“பூஜ்யம் மாப்ள.”

சொல்லிவிட்டுப் பழக்க தோஷத்தில் கையை டேங்கின் மேல் வைக்கப் போனார். மாப்பிள்ளை அந்தக் கையைப் பிடித்து எடுத்துவிட்டார்.

“சுவத்துக்கு அந்தப் பக்கம் போங்க மச்சான். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் அவளுக்கு என்ன பதில் சொல்றது?”

மூக்கர் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.