உடைந்த ஊறுகாய்ப் போத்தல்

மூன்று வருடத்துக்கு முந்திய ஆகஸ்ட் லீவு. ஹாலிஎலையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து வந்தேன். எங்கள் பக்கத்துக் குப்பைமேடு நிரம்பி வழிந்த நேரம் அது. இனிக் கொட்ட இடமில்லை, உக்கும் குப்பையையும் உக்காததையும் பிரித்துத் தந்தால்தான் எடுப்போம் என்று பிரதேச சபையில் சொல்லிவிட்டார்கள். கலந்து கட்டிய பைகளைக் குப்பை ட்ராக்டர்காரர்கள் வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

வகுப்பில் இதையெல்லாம் வாய் கிழியப் படிப்பிக்கிறவள் நான். வீட்டில் மகா சோம்பேறி. லீவு முடியப்போகிற வாரம் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது ஊறுகாய்ப் போத்தல் விழுந்து உடைந்தது. போன தவணை விடைத்தாள்களோடு அந்தக் கண்ணாடித் துண்டுகளையும் ஒரே பையில் அள்ளிப் போட்டேன். ட்ராக்டர்காரர் கண்ணில் படாமலிருக்க மேலே வாழைப்பழத் தோலையும் கீரைத் தண்டையும் பரப்பினேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பாடசாலை தொடங்கிய அன்று, என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா வந்தார். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். வெயிலில் கொழுந்து குறைந்ததால் குப்பை பிரிக்கும் கொட்டிலுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வலது கையில் பெரிய கட்டு. இடது கையால் ஒரு தாளை நீட்டினார். மகளின் கணக்கு விடைத்தாள். என் சிவப்பு மை, ஓரத்தில் காய்ந்த இரத்தம்.

“குப்பையில கெடந்துச்சுங்க டீச்சர். புள்ள நல்லா எடுத்திருக்கா. நாங்களே வச்சுக்கலாமுங்களா?”

கைக்கு என்ன என்று கேட்டேன். அந்தத் தாள் கிடந்த பைக்குள் கையை விட்டபோது கண்ணாடி வெட்டிவிட்டதாம். நரம்பு அறுந்துவிட்டதாம். ஆட்காட்டி விரல் இனி மடங்குமா என்பது சந்தேகம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். கொழுந்து கிள்ளுகிற விரல் அது.

“அது டீச்சர் வீட்டுப் பைங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

இல்லை, தாள்களைப் பாடசாலையிலேயே வைத்திருந்தேன், யாரோ எடுத்துப் போட்டிருக்க வேண்டும் என்றேன். யோசிக்கக்கூட இல்லை. பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

அவர் தலையாட்டினார். “நானும் அதாங்க நெனச்சேன். டீச்சரு கண்ணாடிய அப்படி மறைச்சு வைக்கமாட்டீங்கன்னு புள்ளகிட்டயும் சொன்னேன்.”

அந்த விரல் மடங்கவே இல்லை. கொழுந்து வேலை கைவிட்டுப் போய், இப்போது முழு நாளும் அந்தக் கொட்டிலில்தான் இருக்கிறார். குப்பைமேடும் உயர்ந்துகொண்டே போகிறது. நான் இப்போதெல்லாம் கண்ணாடி உடைந்தால் பேப்பரில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று தமிழிலும் சிங்களத்திலும் கொட்டை எழுத்தில் எழுதி வைக்கிறேன். அவருக்கு அதனால் என்ன பிரயோசனம்?

பஸ் நிலையத்தில் கண்டால் இன்றும் அந்த நீட்டின விரலோடு கும்பிடுகிறார். அந்தப் பை என்னுடையதுதான் என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வாயெடுக்கிறேன். பிறகு நானும் கும்பிட்டுவிட்டு பஸ்ஸில் ஏறிவிடுகிறேன்.