சும்மா இருக்கச் சொல்லிக்கொடுத்தேன்

ஒரு மனுஷனை ஓடச் சொல்லுங்கள், குதிக்கச் சொல்லுங்கள், தலைகீழாக நிற்கச் சொல்லுங்கள், செய்துவிடுவான். ஐந்து நிமிஷம் அசையாமல் இருக்கவைப்பதுதான் யோகா வாத்தியாருக்குப் பிராணன் போகிற வேலை.

எழுபதுகளின் கடைசியில், டெல்லி சரோஜினி நகர் சமூகக் கூடத்தில் தினமும் காலையில் நான் பார்த்தது அந்த வேலைதான். உடம்பு ‘இதுக்கு மேல வேண்டாம்’ என்கிற இடம்வரை வளைந்து, தலையணையை முட்டுக் கொடுத்து, அங்கேயே தங்கிவிட வேண்டும். இழுக்கக் கூடாது, முக்கக் கூடாது. நாற்காலியிலேயே காலம் தள்ளும் இடுப்பும் முதுகும் தானாக இளகும், மனசும் அடங்கும். இப்போது இதற்கு யின் யோகா என்று பெயர் வைத்து, ஏசி போட்ட இடத்தில் கும்பலாகப் படுக்கிறார்கள். அன்றைக்குக் காலனியில் இதற்குப் பெயர் தூக்க கிளாஸ். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கன்னா, கூடத்தை என்னிடமிருந்து பிடுங்கி, விசில் ஊதிக் குதிக்கவைக்கும் ஒரு டிரில் மாஸ்டருக்குக் கொடுக்கத் துடித்துக்கொண்டிருந்தார். அதை விட்டால் எனக்கு வேறு இடம் கிடையாது. எதையாவது சொல்லிக்கொடுத்து வயிறெரிந்தவர்களே, நீங்களே கேளுங்கள்.

குறட்டை

வரதராஜன் அரசாங்க ஆபீஸ் குமாஸ்தா. முழங்காலை மடித்து முன்னால் கவிழ்ந்து தலையணைமேல் கன்னத்தை வைத்தாரானால் மறுவிநாடி குறட்டை. சாதாரணக் குறட்டையா? வெளியே பால் பூத் வரிசையில் நின்றவர்கள் லாரி வருகிறதென்று ஒதுங்கினார்கள். அசையாமல் இருப்பது வேறு, தூங்குவது வேறு என்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன். ஒருநாள் அவரைத் தேடிக்கொண்டு வந்த சம்சாரம், வாசலில் நின்று சற்றுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: “ஏன் சார், இவர் ஆபீஸ்ல தூங்கினா இவருக்குச் சம்பளம் வரது. இங்க தூங்கினா உங்களுக்கு வரதா?”

பஸ் ஆசனம்

ஒரு ஸ்டெனோ இரண்டே நாளில் நின்றுவிட்டான். மார்க்கெட்டில் பிடித்து, ஏன் வரவில்லை என்றேன். “தினம் பஸ்ல கம்பியைப் பிடிச்சுண்டு செக்ரடேரியட் வரைக்கும் ஒரே போஸ்லதானே போறேன் மாமா. அங்க கண்டக்டர் ‘ஆகே சலோ, முன்னால நகரு’ன்னாவது சொல்றான், நீங்க அதுகூடச் சொல்றதில்லையே.”

பட்டாணி

பங்கஜம் மாமிக்கு இடுப்புப் பிடிப்பு. கொலுவுக்குப் போனால்கூட நாற்காலி போட்டால்தான் பாட்டு. இரண்டு பாதங்களையும் ஒட்டவைத்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் விட்டு, சும்மா உட்காரச் சொன்னேன். மாமியாவது சும்மா உட்காருவதாவது! டெல்லிக் குளிர்காலமாச்சே, ஒரு பை பச்சைப் பட்டாணியைக் கொண்டுவந்து உரிக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் ஸ்வெட்டர் பின்னினாள். மார்கழி முடிவதற்குள் என் வகுப்பில் பின்னிய ஸ்வெட்டரெல்லாம் சேர்த்தால் குதுப்மினாருக்கு உறை போட்டிருக்கலாம். ‘கைதானே அசையறது, இடுப்பு சும்மாத்தானே இருக்கு’ என்று வாதம் வேறு.

பொங்கலுக்கு மாமி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சுற்றியிருந்தவர்கள் காதில் விழட்டும் என்று, இப்போது இடுப்பு எப்படி என்று உரக்கக் கேட்டேன். “பேஷா இருக்கு மாமா. எல்லாம் இந்த ஊர்ப் பட்டாணியோட சத்து.”

சோதனை

கடைசியில் கன்னாவே இரண்டு கமிட்டி மெம்பர்களோடு சோதனைக்கு வந்துவிட்டார். அவருக்குக் கழுத்து திரும்பாது. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க ஆள் முழுசாகத் திரும்புவார். என் ஜனங்கள் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையைச் சுருட்டி முதுகுக்குக் கீழே கொடுத்து மல்லாந்திருந்தார்கள். வகுப்புக்கு முன்னால் இளைப்பாறுகிறார்கள் என்று நினைத்த கன்னா, “மாஸ்டர்ஜி, ஜல்தி ஆரம்பியுங்கள்” என்று ஜமக்காளத்தில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நான் ‘அச்சா’ என்றதோடு சரி.

காத்திருந்தார்கள். கன்னா காலை ஆட்டினார், இருமினார், கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். பிறகு கை மடியில் விழுந்தது. காதோடு ஒட்டியிருந்த தோள் மெல்ல இறங்கியது. அன்றைக்கென்று வரதராஜன்கூடக் குறட்டை விடவில்லை. ஓர் எறும்பு சுவரேறுகிற சத்தம் எனக்குக் கேட்டது, நம்பினால் நம்புங்கள்.

எல்லோரும் எழுந்து ரஜாயை மடித்தபோது, ஆரம்பிக்கவே இல்லையே என்று ஒரு மெம்பர் சீறினார். கன்னா அவர் பக்கம் திரும்பினார். கழுத்து மட்டும் திரும்பியது. ஆச்சரியமாக இந்தப் பக்கமும் ஒருதரம் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நன்றி சொல்வார் என்று கையைக் கூப்பத் தயாராக நின்றேன். “மாஸ்டர்ஜி, இங்கே ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் ஒரே நாள் பார்த்து முடிவு சொல்வது நியாயமாகாது. நாளைக்கு வரும்போது தலையணை கொண்டுவரலாமா?”

டிரில் மாஸ்டர் வெளியே பார்க்கில் விசில் ஊத, கன்னா ரிடயராகும்வரை ஒருநாள் தவறாமல் தலையணையோடு வந்து படுத்து என் வகுப்பைச் சோதித்தார், முடிவை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.