டிபன் பையில் ஒரு கல்யாணம்

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறந்தால் முதலில் நெற்றி வரும், பிறகு கண், மூக்கு; கழுத்துத் தாலி தெரிவதற்குள் டீ ஆறிவிடும். ஆவடி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த சின்ன ஸ்டூடியோவில் நான்கு வருடம் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து முகங்களைத் திருத்தினேன். முதலாளியை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பிள்ளைகளின் பாஸ்போர்ட் படம் முதல் கோயில் கல்யாணம் வரை எல்லாவற்றையும் அவரே எடுப்பார்.

ஒரு நாள் மதியம் அண்ணன் பெட்டியைப் பிரித்து, வேகம் கூட்டப் புது ராமும் எஸ்எஸ்டி டிஸ்க்கும் மாட்டினார். படங்களெல்லாம் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் சில நாளாகவே கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. "இது எப்ப வேணா பூடும். உன் தம்பி லேப்டாப்புல எல்லாத்தையும் காப்பி பண்ணிகினு வாம்மா" என்று என்னிடம் கொடுத்தார். துண்டில் சுற்றி டிபன் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. நான்கு பேர் உள்ளே வந்து ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். முந்தின வாரம் அண்ணன் படமெடுத்த கோயில் கல்யாணத்துப் பெண்ணின் சித்தப்பாவும் அவருடைய ஆட்களும். அவள் சாதி மாறிக் கட்டியவள். அவளை இழுத்துப் போய் வீட்டில் அடைத்துவிட்டு, கல்யாணமே நடக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடந்தது என்பதற்கு எங்கள் படங்களை விட்டால் வேறு சாட்சி இல்லை.

"போட்டோல்லாம் எங்கடா கீது?"

"இந்தப் பொட்டிலதான்" என்றார் அண்ணன்.

இரும்புக் குழாய் பெட்டியின்மேல் இறங்கியது. அப்போதுதான் மாட்டிய புதுப் பாகங்கள் தரையில் சிதறின. அடுத்து கேமரா. வேறு காப்பி உண்டா என்று சித்தப்பா கேட்டார். இல்லை என்றார் அண்ணன். இரண்டு பேர் அவருடைய வலது கையை மேசைமேல் அழுத்திப் பிடிக்க, சித்தப்பா குழாயை ஓங்கினார். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. அது பெரிய சத்தமில்லை. திரும்பக் கேட்டார்கள், திரும்ப அடித்தார்கள். கீபோர்டு எழுத்துகளுக்கு நடுவே ரத்தம் இறங்கியது. பை என் மடியில் இருந்தது. கொடுத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"நீ இன்னாமா பாத்துகினு கீற? ஊட்டுக்குக் கெளம்பு!" என்று அண்ணன் கத்தினார். அதுவரை அவர் என்னை அதட்டியதே இல்லை.

"பொம்பளைய உடுங்கடா" என்றார் சித்தப்பா.

குனிந்து வெளியே வந்தேன். அடுத்த அடி விழுந்தது. அண்ணன் அலறினார். நான் திரும்பவில்லை. தெருமுனை மருந்துக் கடையில் சொல்லிவிட்டு, ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டே இருந்தேன். ஆட்கள் திரண்டு வருவதற்குள் அவருடைய விலா எலும்புகளும் உடைந்திருந்தன.

தம்பியின் லேப்டாப்பில் அந்த டிஸ்க் ஒரே ஒரு முறை ஓடியது. அது போதுமானதாக இருந்தது. பெண்ணின் புருஷன் போட்ட வழக்கில் படங்களைப் பார்த்த நீதிபதி பெண்ணை அழைத்துவரச் சொன்னார். "என் புருஷன்கூடப் போறேன்" என்றாள் அவள். போனாள். சித்தப்பா ஜெயிலுக்குப் போனார். சீக்கிரமே வெளியிலும் வந்தார்.

போன மாதம் குத்தம்பாக்கத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். வலது கை இன்னும் மடங்குவதில்லை. இடது கையால் மௌஸைப் பிடித்து யாருடைய முகத்தையோ திருத்திக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் என்னை அரித்ததை அன்று சொல்லிவிட்டேன். "அந்த அடியில உங்கள உட்டுட்டு வந்துட்டேனேண்ணா. திரும்பிக்கூடப் பாக்கல."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"டிஸ்க்கு உன் பையில கீதுன்னு வாய் வரிக்கும் வந்துடுச்சிம்மா. நீ மட்டும் திரும்பிப் பாத்திருந்தினா சொல்லிட்டிருப்பேன்."