அஞ்சாவது கியர் எதுக்கும்மா?

மோட்டார் சைக்கிள் விற்கிற கடையில் முக்கால்வாசி வேலை வண்டியைப் பற்றிப் பேசுவது, மீதி வேலை பேசினதை எழுதி வைப்பது. கவுண்டரில் உட்கார்ந்து பொதுஜனத்துக்குப் பதில் சொல்லிப் பிழைத்த அக்கா தங்கச்சிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கேட்கிறவருக்கு ஒரு கேள்விதான். நமக்கு அது அன்றைக்கு நாற்பதாவது தடவை.

நான் பிறந்த ஊரான கல்லாவியில் பத்தாவது வரை படித்தவள். கட்டிக்கொடுத்தது ஓசூரில் லேத் ஓட்டுகிறவருக்கு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பாப்பாவுக்கு எட்டு மாதம் இருக்கும்போது, அவளைப் பக்கத்து வீட்டு ராஜம்மாவிடம் விட்டுவிட்டு ஒரு ஷோரூமில் கவுண்டர் வேலைக்குப் போனேன். அப்போதுதான் அஞ்சு கியர் வண்டி எங்கள் கடைக்கு வந்திருந்தது. அதுவரை எல்லாம் நாலு. வருகிறவர்கள் எல்லாரும் வண்டியைச் சுற்றி வந்து, ஹாண்டில்பாரைத் திருப்பிப் பார்த்து, கடைசியில் என்னிடம்தான் கேட்பார்கள், எதுக்கு இன்னொண்ணு என்று. எனக்கு சைக்கிளே சரியாக ஓட்ட வராது.

முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் கறார். முதல் வாரமே சொல்லிவிட்டார்: "தீபாவளி வரைக்கும் பாக்கறேம்மா. அஞ்சாவது கியர் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு ஒழுங்கா பதில் சொல்லிட்டா இரு. இல்லேன்னா வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஆளா போட்டுக்கறேன்." வேலை போனால் நானும் பாப்பாவும் கல்லாவிக்குத் திரும்ப வேண்டும், வீட்டுக்காரர் ஓசூரில் நாலு பேரோடு ஒரு ரூமில் படுக்க வேண்டும். அவர் சம்பளம் அதற்குத்தான் காணும். கல்யாணமாகி முதல் வருஷம் அப்படித்தான் இருந்தோம். மறுபடி அது வேண்டாம் என்றுதான் நான் வேலைக்கே போனது.

விழாத கியர்

ராயக்கோட்டைத் தக்காளி வியாபாரி ஒருவர் சர்வீசுக்கு வண்டி விட்டார். என்ன குறை என்று கேட்டேன். "கிருஷ்ணகிரி ரோட்டுல அறுபதுல போறப்ப வண்டி கத்துது. மேல போடலாம்னு பாத்தா விழமாட்டேங்குது. கால் நோவுது" என்றார். நானும் வண்டியின் குறையை எழுதுகிற ஜாப் கார்டில் முத்து முத்தாக எழுதினேன்: 'ஐந்தாவது கியர் விழவில்லை.'

அரை மணி கழித்து மெக்கானிக் நஞ்சப்பா கிரீஸ் கையோடு அந்தக் கார்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். எல்லையோரத் தளிப் பக்கத்துக்காரர், கன்னடம் கலந்து பேசுவார், கோபமே வராது. அது நாலு கியர் வண்டி. அந்த வியாபாரி இரண்டு வருஷமாக இல்லாத கியரைக் காலால் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். ஹைவேயில் ஓட்டுகிற பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டாம், எஞ்சின் கத்தக் கத்த கால் தானாக இன்னொன்றைத் தேடுமாம். அதையெல்லாம் பொறுமையாகச் சொல்லிவிட்டு நஞ்சப்பா கார்டை என் மேஜையில் வைத்தார்.

"இருக்கறத ரிப்பேர் பண்ணித்தாம்மா எனக்குப் பழக்கம். இல்லாதத எப்பிடிப் பண்றதுன்னு நீயே கீழ எழுதிக் குடுத்துடு."

மத்தூர் வாத்தியார்

மத்தூரிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். சட்டைப் பையில் ரெண்டு பேனா. நான் அதற்குள் விளம்பர நோட்டீசை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். அஞ்சாவது கியரில் எஞ்சின் சுழற்சி குறையும், அதே வேகத்துக்குப் பெட்ரோல் கம்மி, நீண்ட தூரப் பயணத்துக்கு ஏற்றது என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். உள்ளறையில் முதலாளி காதைத் தீட்டிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும்.

வாத்தியார் கடைசி வரி வரைக்கும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு பையன் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதியிருக்கிறான் என்று கண்டுபிடித்த மாதிரி ஒரு பார்வை. அப்புறம் கேட்டார்:

"நான் மத்தூர்லருந்து கிருஷ்ணகிரிக்குப் போய் வர்றவன். அஞ்சு கியர் வாங்கினா மத்தூர் கொஞ்சம் கிட்ட வந்துடுமாம்மா?"

முதலாளியின் மூக்கு

பழைய வண்டியில் கியரையெல்லாம் அழுத்தி அழுத்தியே போடுவார்கள். புதுசில் முதல் கியரை மட்டும் அழுத்த வேண்டும், மற்றதெல்லாம் காலால் மேலே தூக்க வேண்டும். பேக்டரிக்காரன் ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்காதீர்கள், என்னிடம் கேட்டவர்களுக்கும் நான் சொல்லவில்லை.

ஒரு நாள் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிற ஒருவர் வண்டியை ஓட்டிப் பார்க்க வந்தார். அன்றைக்கு முதலாளியே பின்னால் ஏறிக்கொண்டார். பாகலூர் ரோட்டில் மூணாவதில் நல்ல வேகம். அந்த ஆள் நாலாவது போடுவதாக நினைத்து, பழைய பழக்கத்தில் ஓங்கி ஒரு அழுத்து. வண்டி ரெண்டாவதுக்கு இறங்கி முட்டுக்கட்டை போட்ட மாட்டுவண்டி மாதிரி இழுத்துப் பிடித்தது. முதலாளியின் மூக்கு அந்த ஆள் முதுகில் போய் முட்டியது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முதலாளி கடைக்குள் வர, அந்த ஆள் பின்னாலேயே வந்து ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"சார், நீங்க இங்கயே இருங்க. நான் தனியா போயி மறுபடி ஒருக்கா அழுத்திப் பாத்துட்டு வர்றேன்."

அஞ்செட்டிக்கு மூணு போதும்

அஞ்செட்டியிலிருந்து மாடு கன்று வைத்திருக்கிற ஒருவர் வந்தார். அவர் ஊருக்கு பஸ் எப்போதாவதுதான். ஆசையாக அஞ்சு கியரைத் தடவிக்கொண்டிருந்தார். நான் நோட்டீசை எடுக்கவில்லை. வாத்தியாருக்கு அப்புறம் அது எனக்கே கசந்துவிட்டது. "ரோடு எப்பிடிங்கண்ணா இருக்கும்?" என்று மட்டும் கேட்டேன்.

காடு, வளைவு, மேடு, நடுவில் யானை என்றார். அப்படியானால் நாலு கியர் வண்டியே போதுமே என்று வாயிலிருந்து வந்துவிட்டது. உள்ளறையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை. அவரோ நாலு கியரையும் ஒரு சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

"எங்க ஊர் ரோட்டுல மூணுக்கு மேல போடவே எடமில்ல. மிச்சம் ஒண்ணக் கழட்டி நீங்களே வச்சிக்கிட்டு வெலயக் கொறைங்க."

சூளகிரி தாண்டி

நாலு கியர் வண்டியை ஒன்றையும் கழட்டாமலேதான் கொடுத்தோம். அஞ்செட்டிக்காரர் போனதும் முதலாளி விற்பனை நோட்டை வாங்கி, அஞ்சு எத்தனை, நாலு எத்தனை என்று எண்ணிப் பார்த்தார், எனக்குப் பயம் பிடித்தது. நஞ்சப்பா அதைக் கவனித்துவிட்டார். "உக்காந்தே பாக்காம என்னாம்மா பதில் சொல்லுவே?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, முதலாளியிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமைக்கு அஞ்சு கியர் டெமோ வண்டியை என் வீட்டுக்காரருக்கு வாங்கிக் கொடுத்தார்.

கல்லாவிக்குக் கிளம்பினோம். முந்தின மாதம் அவருடைய சிநேகிதர் வண்டியில், நாலு கியரில், அதே வழியில் போனபோது பாப்பா கிருஷ்ணகிரி வரைக்கும் அழுதாள். எஞ்சின் கத்த, இவள் அதற்குப் போட்டியாகக் கத்த, எனக்குப் பல்லெல்லாம் கூசியது. இந்தத் தடவையும் ஓசூர் எல்லை தாண்டும்போதே ஆரம்பித்துவிட்டாள். சூளகிரி தாண்டி நேர் ரோடு வந்ததும் அவர் அஞ்சாவதைப் போட்டார். சட்டென்று சத்தம் அடங்கியது. "என்னங்க, வண்டி ஆஃப் ஆயிடுச்சா?" என்றேன். வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டுதான் இருந்தது. முந்தானைக்குள் பார்த்தால் பாப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். ரோட்டோரப் புளியமரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அந்த அரை மணி நேரம் நானும் அவரும் கத்தாமல் பேசிக்கொண்டே போனோம். என்ன பேசினோம் என்று நினைவில்லை. கல்யாணமாகி அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசினது அன்றைக்குத்தான்.

திரும்பி வரும்போது கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் மேடு. அஞ்சாவதில் வண்டி திணறியது, நாலுக்கு இறக்கினார், பாப்பா எழுந்துகொண்டாள். அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"ஏறணும்னா நாலு, இவ தூங்கணும்னா அஞ்சு. ரெண்டும் ஒண்ணா கெடைக்காது போலிருக்கு."

தீபாவளிக்கு முந்தின வாரம்

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் மனைவியோடு வந்தார். வாரத்துக்கு ரெண்டு தடவை சேலம் வரைக்கும் போய் வருகிறவர். அவருக்கு அஞ்சு கியர் வண்டி மேல்தான் கண். அந்த அம்மாதான் என்னிடம் நேராகக் கேட்டார், அஞ்சாவது கியர் எதுக்கும்மா என்று. முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஊருக்குள் சுற்ற அது வேண்டாம், மேட்டில் அது உதவாது, சேலம் மாதிரி தூரம் நேர் ரோட்டில் போகிறவருக்கு உடம்பு வலி குறையும், சத்தம் அடங்கும். எங்கள் பாப்பா தூங்கினதையும் சொன்னேன். அந்த அம்மா புருஷனை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"இவரு கத்தற வண்டியிலயே தொப்பூர்கிட்ட கண்ணசந்து வயல்ல எறங்கினவரு. சத்தம் இருக்கட்டும், எங்களுக்கு நாலே குடுங்க."

கையில் வந்த அஞ்சு கியரைப் பேசியே நாலாக்கிவிட்டேன். அவர்கள் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி, தேங்காய் உடைத்து, வண்டியைக் கிளப்பிப் போகிற வரைக்கும் நான் தலையைத் தூக்கவில்லை. கல்லாவி பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முதலாளி தேங்காய் மூடி ஒன்றை என் மேஜைமேல் வைத்தார்.

"நாலே போதும்னு சொல்லி வண்டி விக்கற ஆள நான் இப்பத்தாம்மா பாக்கறேன். அந்த அஞ்செட்டி ஆளு அவங்க ஊர்லருந்து இன்னும் ரெண்டு பேர அனுப்பியிருக்கான், வேற யார்கிட்டயும் பேச மாட்டாங்களாம், உங்கிட்டத்தான் பேசணுமாம். தீபாவளி லீவு முடிஞ்சதும் வந்துடு."

அதற்கப்புறம் நாலு வருஷம், சின்னவன் பிறக்கும்வரை, அந்த நாற்காலியில்தான் இருந்தேன். இன்றைக்கும் யாராவது எத்தனை கியர் வேண்டும் என்று கேட்டால், எந்த ரோடு, பின்னால் யார் உட்காருவார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன், இதை என் வீட்டுக்காரர் மட்டும் நம்ப மாட்டார்.