குடும்பப் படம் இணைக்கப்பட்டுள்ளது

தம்பியைத் தேடி நான் அனுப்பிய மெயில்கள் எல்லாம் கணினியில் ஒரே பெட்டியில் இருக்கின்றன. 'அனுப்பியவை' என்று அதற்குப் பெயர். அதற்கு மேலே 'வந்தவை' என்று இன்னொரு பெட்டி உண்டு. அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அதனால் கணினியைப் போட்டதும் நான் அனுப்பியவையைத்தான் திறப்பேன். அதிலாவது எண்ணிக்கை கூடிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். தம்பி வளைகுடாவில் ஓர் அரபியின் படகில் மீன்பிடிக்கப் போயிருந்தான். ஒருநாள் காற்றில் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்களை வேறொரு படகு தூக்கிக்கொண்டது. இவனை யாரும் பார்க்கவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. அங்கிருந்து பேசியவர் 'காணவில்லை' என்றார். இறந்துவிட்டான் என்று சொல்லியிருந்தால் அழுது முடித்திருப்போம். காணவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அழவும் வழியில்லை, அழாமல் இருக்கவும் வழியில்லை.

நான் நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சுற்றறிக்கை அடிப்பதும் மெயில் அனுப்புவதும்தான் என் பிழைப்பு. வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆளும் நான் ஒருத்திதான். ஆகவே தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது. அம்மா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள், தம்பி மனைவி கைக்குழந்தையை வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் மெயில் அனுப்பினேன். மூன்றும் ஒரே வேலைதான் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் மெயிலுக்கே சண்டை வந்தது. தூதரகத்துக்கு எழுதும்போது அவனுடைய போட்டோவை இணைக்க வேண்டும் என்றார்கள். பீரோவில் பாஸ்போர்ட் அளவுப் படம் கிடந்தது. எடுத்து ஸ்கேன் செய்யப் போனேன். அம்மா என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

எங்கள் பக்கம் சந்திப்புக்குச் சந்திப்பு கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் நிற்கும். நீல வானம், வெள்ளை மேகம், நடுவில் ஒரே ஒரு முகம். செய்தி வந்த அன்றைக்கே ஊர் இளைஞர் மன்றத்துப் பையன்கள் வந்து, 'பிரார்த்தனைக்கு ஒரு பிளெக்ஸ் வைக்கணும், அண்ணனுக்க படம் தாங்க' என்று கேட்டிருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்கள். அவர்கள் போன கையோடு அம்மா சுவரில் மாட்டியிருந்த தம்பியின் படத்தைக் கழற்றி எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டாள். எங்கே என்று இன்றுவரை சொல்லவில்லை. அந்த பாஸ்போர்ட் படமும் அதே வழியில் போனது.

"தனியா ஒரு மொகத்த வெட்டி வச்சா அது செத்தவனுக்க படம், கேட்டியா? எனக்க மொவன் சாவல்ல. குடும்பத்தோட இருக்க படத்த அனுப்பு. அவனுக்கு ஆளு உண்டுன்னு அவங்களுக்குத் தெரியட்டு."

"எம்மா, அவங்களுக்கு ஆள அடையாளம் தெரியாண்டாமா?"

"ஒனக்குத் தெரியும்லா? எழுதிக் குடு."

தம்பி மனைவியும் அன்றைக்கு அம்மா பக்கம். வேறு நல்ல படமும் இல்லை. படகிலிருந்து அவன் அனுப்பிய செல்ஃபிகளில் எல்லாம் வெயிலுக்குத் துண்டை முகத்தில் சுற்றியிருப்பான், இரண்டு கண் மட்டும் தெரியும். அதனால் குழந்தையின் ஞானஸ்நானத்தன்று கோயில் முற்றத்தில் எடுத்த படத்தை இணைத்தேன். சித்தப்பா, மாமா, அவர்கள் பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமே நிற்கிற படம். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் கோடு போட்ட சட்டையில் தம்பி. பக்கத்தில் குழந்தையோடு அவன் மனைவி. பின்னால் அம்மா. ஆளைக் குறிக்க அவன் தலைக்கு மேல் ஒரு வட்டம் போட்டேன். அதையும் அம்மா அழிக்கச் சொன்னாள், தலைக்கு மேல் வட்டம் புனிதர்களுக்குத்தானாம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மெயிலின் அடியிலும் ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம்: குடும்பப் படம் இணைக்கப்பட்டுள்ளது. தூதரகத்துக்கு, அமைச்சகத்துக்கு, அந்தப் படகு முதலாளிக்கு, அங்குள்ள துறைமுகங்களுக்கு, மருத்துவமனைகளுக்கு, கடலோடிகளுக்கு உதவுகிற தொண்டு நிறுவனங்களுக்கு. முகவரி கிடைத்த இடத்துக்கெல்லாம் எங்கள் குடும்பம் மொத்தமும் போய்ச் சிரித்துக்கொண்டு நின்றது.

'உங்கள் மெயில் கிடைத்தது' என்று இயந்திரம் தானாகப் போடுகிற பதில்களை விட்டால், ஒரே ஒரு தடவை மனிதர் எழுதிய பதில் ஒன்று வந்தது. படத்தில் இருப்பவர்களில் தாங்கள் குறிப்பிடும் நபர் யார் என்று தெரிவிக்கவும். இரண்டே வரி. நான் அதை அச்செடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே வாசலில் நின்று சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"பாத்தியா! படத்தப் பாத்திருக்கான்!" என்றாள் அம்மா. அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. முன்வரிசை, கோடு போட்ட சட்டை, நாற்காலியில் இருப்பவர் என்று பதில் போட்டேன். முன்வரிசையில் நாற்காலியில் இருப்பவர்கள் நான்கு ஆண்கள். அதில் இன்னொருவரும் கோடு போட்ட சட்டை. அதைப் பிறகுதான் கவனித்து, திருத்தி இன்னொரு மெயில் அனுப்பினேன். அதற்கப்புறம் அங்கிருந்து மூச்சு இல்லை.

மெயில் பெட்டி கல்லூரி கொடுத்தது, கொஞ்சம்தான் இடம். படமோ ஸ்டுடியோக்காரர் எடுத்த பெரிய படம். சுருக்கிப் பார்த்தேன். முகங்கள் கலங்கின. அம்மா பார்த்துவிட்டு, 'இதுல எனக்க பிள்ளையக் காணல்லியே' என்றாள். அந்த வார்த்தைக்குப் பிறகு யார் சுருக்குவார்கள்? முழு அளவிலேயே அனுப்பினேன். அனுப்புகிற ஒவ்வொன்றும் ஒரு நகலை அனுப்பியவையில் போட்டுவிட்டுத்தான் போகும். ஒருநாள் திரையில் எச்சரிக்கை வந்தது: உங்கள் பெட்டி நிறையப் போகிறது, நிறைந்தால் புதிய மெயில்கள் உள்ளே வராது.

எனக்கு அப்போது வந்த கோபத்தை என்னவென்று சொல்ல? உலகத்தில் ஒருவனும் உருப்படியாகப் பதில் போடவில்லை. போடாதவன் ஒருவேளை போட்டால் அது உள்ளே வர இடமில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது நாங்கள் கெஞ்சிய கெஞ்சல். ஆள் வருகிற வாசலில் நாங்களே கூட்டமாக நின்று வழியை மறித்துக்கொண்டிருக்கிறோம்.

பழையவற்றை அழிக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னேன்.

"அனுப்பினத அழிச்சா அங்கேயும் அழிஞ்சி போவாதா மக்கா?"

"போவாதும்மா. இது நகல். அங்க போனது அங்கதான் கெடக்கும்."

"கெடந்துட்டுப் போவட்டு. நீ ஒண்ணையும் அழிக்காத."

அழிக்கவில்லை. பழைய கணினி ஒன்றை வீட்டுக்கு வாங்கி, அதே மெயில் மென்பொருளைப் போட்டேன். கணினிக்குள்ளேயே தனிப்பெட்டிகள் உண்டாக்கினேன். தூதரகம், அமைச்சகம், முதலாளி, ஆஸ்பத்திரி, மற்றவை. கல்லூரிப் பெட்டியிலிருந்து அனுப்பியவற்றை இழுத்து இழுத்து இவற்றில் போட்டேன். நகர்த்திய பிறகு பழைய பெட்டியைச் சுருக்க ஒரு கட்டளை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் காலியாகாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து இதைச் செய்வது வழக்கமாகிவிட்டது. அம்மா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மெயிலும் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அது சுத்த வீண்வேலை என்று தெரியும். அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ள வேறு வேலை இல்லாததால் செய்தேன்.

எங்கள் பங்குக் கோயிலில் யார் யாருக்காகப் பூசை என்று கருத்து வாசிக்கும்போது இரண்டு வகை உண்டு. உயிரோடு இருக்கிறவர்களின் நலனுக்காக ஒன்று, இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒன்று. அம்மா மாதாமாதம் தம்பி பெயரை நலனுக்காகக் கொடுப்பாள். பெயரை வாசிக்கும்போது கோயிலில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்தத் திரும்பிப் பாராமைதான் எனக்குத் தாங்காது.

இப்படியே வருஷங்கள் போயின. தம்பி மனைவி நர்ஸ் படிப்பு படித்தவள். போன வருடம் அவளுக்கு வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை சரியானது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதற்கு பாஸ்போர்ட் வேண்டும். தகப்பன் கையெழுத்து எங்கே என்றார்கள். இல்லை என்றால் இறப்புச் சான்றிதழ் எங்கே என்றார்கள்.

அவள் என்னிடம் வந்து நின்ற நிற்பு மறக்காது. "மைனி, நான் அவங்கள வேண்டாம்னு வைக்கல்ல. பிள்ளைய இங்க விட்டுட்டுப் போவ எனக்கு முடியாது. நீங்களே மாமிகிட்ட சொல்லுங்க."

நாகர்கோவிலில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். ஏழு வருடம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லை என்றால் இறந்ததாக அறிவிக்கச் சொல்லி கோர்ட்டில் கேட்கலாம், அந்தக் கணக்கு உங்களுக்கு முடிந்துவிட்டது, ஆனால் நன்றாகத் தேடினோம் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார். நான் வீட்டுக் கணினியில் இருக்கிற பெட்டிகளைப் பற்றிச் சொன்னேன். மனிதர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் இருக்கா? ஒண்ணும் அழிக்கல்லியா? ரொம்ப நல்லதாப் போச்சு. அனுப்பின தேதி தெரியுற மாதிரி எல்லாத்தையும் பிரிண்ட் எடுங்க."

எல்லாவற்றிலும் தம்பி உயிரோடு இருப்பதாகத்தான் எழுதியிருக்கிறேன், பரவாயில்லையா என்று கேட்டேன்.

"அது இருக்கட்டும். நம்பித் தேடியிருக்கீங்க, தகவல் வரல்ல. அதுதான் நமக்கு வேணும். பதில் வராததுதான் உங்களுக்குப் பலம்."

அவர் நல்லவர், தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் எனக்கு அது உறைத்தது. அவன் உயிரோடு இருக்கிறான் என்று ஊர் ஊராகச் சொல்லி நான் சேர்த்து வைத்தது அத்தனையும், அவன் இறந்துவிட்டான் என்று நிரூபிக்கத்தான் பயன்படப் போகிறது. அம்மா அழிக்காதே என்று காப்பாற்றியதும் இதற்குத்தான்.

அம்மாவிடம் நான் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பிள்ள தாயோட போவட்டு" என்று மட்டும் சொன்னாள்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. பத்திரிகையில் அறிவிப்பு கொடுக்க முகம் தெளிவாகத் தெரியும் தனிப்படம் வேண்டும் என்று வக்கீல் கேட்டிருந்தார். கழற்றி வைத்த படத்தைத் தா என்று அம்மாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கணினியைப் போட்டு, தூதரகம் என்ற பெட்டியைத் திறந்து, முதல் மெயிலிலிருந்து ஞானஸ்நானப் படத்தை இறக்கினேன். தம்பியைச் சுற்றிக் கட்டம் போட்டேன். சித்தப்பா போனார், மாமா போனார், தம்பி மனைவியும் குழந்தையும் போனார்கள். தம்பி மட்டும் பெரிதாகத் திரைக்கு வந்தான். முன்பல் கொஞ்சம் தூக்கலாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு. எத்தனையோ தடவை அனுப்பிய படம். அதில் அவன் முகத்தை நான் தனியாகப் பார்த்ததே இல்லை.

இடது தோளில் நான்கு விரல்கள் மட்டும் மிச்சம் நின்றன. எப்படி வெட்டினாலும் விரல் போனால் தோளும் போனது.

அம்மா எப்போது பின்னால் வந்தாள் என்று தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இது எனக்க கையல்லா?"

"ஆமாம்மா."

கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு, விலை விசாரிக்கிற மாதிரி சாதாரணக் குரலில் கேட்டாள்: "இப்பிடி அனுப்பியிருந்தா அவங்களுக்கு ஆளத் தெரிஞ்சிருக்குமா மக்கா?"

"தெரிஞ்சிருக்காதும்மா," என்றேன். "எப்பிடி அனுப்பினாலும் ஒருத்தனும் பாக்கல்ல."

அவள் அதை நம்பினாளா என்று தெரியவில்லை. நான் நம்பவில்லை. விரல்களை வெட்டாமல் அப்படியே இணைத்து வக்கீலுக்கு அனுப்பினேன். சின்னப் படம், உடனே போய்விட்டது. நகல் வழக்கம்போல் அனுப்பியவையில் வந்து விழுந்தது. அந்தப் பெட்டியில் தம்பி தனியாக இருக்கிற மெயில் அது ஒன்றுதான்.