பணி நிறைவு உண்டா?

இன்று காலை அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே போனைத் திறந்து, எங்கள் கம்பெனி ஊழியர்களுக்கு அனுப்ப வேண்டிய கேள்விப் பட்டியலைச் சரிபார்த்தேன். வேலை எப்படி இருக்கிறது, மேலாளர் எப்படி என்று வருடா வருடம் கேட்பது. படிக்கப் படிக்க மூக்கில் பஞ்சு வாசம்...

எம்.ஏ. கடைசி வருடம். ப்ராஜெக்டுக்காக, கங்கைகொண்டான் போகிற வழியில் ஒரு சின்ன நூல் மில்லில் இதே வேலையைச் செய்தேன். ஜாப் சாட்டிஸ்ஃபேக்சன் என்பதைத் தமிழில் 'பணி நிறைவு' என்று எழுதினேன். என்ன அழகான சொல் என்று எனக்கே பெருமை.

'உங்களுக்குப் பணி நிறைவு உண்டா?'

இரண்டு நாள் கழித்து வாங்கிப் பார்த்தால், நாற்பது பேரும் 'இல்லை' என்று டிக் அடித்திருந்தார்கள். சிலர் இரண்டு தடவை. பாவம், ஒருவருக்குக்கூட இந்த வேலை பிடிக்கவில்லை என்று ரிப்போர்ட்டின் முதல் வரியை மனதில் எழுதியும் விட்டேன்.

ஷிப்ட் முடிந்து, தலையெல்லாம் பஞ்சோடு வந்த இசக்கியம்மாள் அக்கா மில் கேட்டுக்கு வெளியே என் கையைப் பிடித்தார்.

"ஏம்மா, நான் என்ன தப்பு செஞ்சேன்? இன்னும் பத்து வருசம் சர்வீஸ் கெடக்கு. மவ இப்பந்தான் பன்னெண்டாவது படிக்கா. அதுக்குள்ள வீட்டுக்கு அனுப்பப் போறாவளா?"

"யாருக்கா சொன்னா?"

"நீதான பிள்ள கேட்டிருக்க! பணி நிறைவு உண்டான்னு!"

அப்போதுதான் உறைத்தது. வாத்தியார் ரிட்டயர் ஆனால் பள்ளிக்கூட வாசலில் கட்டுகிற பேனரில் இருப்பதும் அதே சொல்தானே...

"ஐயோ அக்கா, வேல புடிச்சிருக்கான்னுதான் கேட்டேன்!"

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரிப்பு.

"அத அப்படிக் கேக்க வேண்டியதான? ரெண்டு நாளா சோறு எறங்கல பிள்ள. வேல புடிச்சிருக்கு. சூப்பர்வைசர் மூஞ்சிதான் புடிக்கல. எழுதிக்கோ!"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. பஸ் வரும்வரை ஆளாளுக்குப் பேசினார்கள். என் கேள்வி எதிலும் இல்லாத விஷயங்கள்...

இப்போது பதில்கள் நிமிடத்தில் வந்துவிடுகின்றன, கலர் கலர் வட்டங்களாக. புரிந்து சொன்னார்களா, பயந்து சொன்னார்களா, தெரியாது. கையைப் பிடித்து என்னைத் திருப்பிக் கேட்க யாரும் வருவதில்லை.

பட்டியலை அனுப்பாமலே போனை வைத்தேன். மனசு லேசாகிவிட்டது.

இந்த வருடம் கேன்டீனில், டீ நேரத்தில், ஒவ்வொரு மேசையாக நானே போய் உட்காரப் போகிறேன். ஆபீசில் யாருக்கும் தெரியாது. வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.